பிளாப் தேர்வு: தமிழ்நாட்டு ஓபியிலிருந்து மான்செஸ்டர் வரை

பிரிட்டனில் மருத்துவராகப் பதிவு செய்வதற்கான பிளாப் தேர்வை எழுதப்போகும் ஜூனியர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த வினா வங்கியை வாங்கலாம் என்பதைத்தான். அதற்குப் பதில் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கு மேல், நோயாளியோடு பேசுவதைப் பற்றி நான் சொல்லத் தொடங்குவதை எல்லோரும் பொறுமையாகக் கேட்பதில்லை. ஆனால் தேர்வை முடித்துவிட்டுத் திரும்ப அழைப்பவர்கள் அந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றித்தான் நிறையப் பேசுகிறார்கள். போனில் துண்டு துண்டாகச் சொல்வதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

பிரிட்டனில் மருத்துவராக வேலை பார்க்க, அங்குள்ள ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலில், அதாவது ஜிஎம்சியில், உரிமத்தோடு பதிவு செய்திருக்க வேண்டும். நம்மைப் போல வெளிநாட்டில் எம்பிபிஎஸ் முடித்தவர்களில் பெரும்பாலோர் அதற்குப் போகும் வழி பிளாப். இரண்டு பகுதிகள். முதலாவது எழுத்துத் தேர்வு: 3 மணி நேரம், 180 கேள்விகள், ஒவ்வொன்றிலும் ஐந்து விடைகளில் மிகப் பொருத்தமான ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். சென்னையிலேயே எழுதலாம். இரண்டாவது செய்முறைத் தேர்வு. அதற்கு மான்செஸ்டருக்கு நேரில் போயாக வேண்டும். பெரும்பாலும் ஒரு நடிகர் நோயாளியாக உட்காரும் 16 காட்சிகள், ஒவ்வொன்றுக்கும் 8 நிமிடம். முதல் பகுதியில் தேறிய இரண்டு ஆண்டுகளுக்குள் இரண்டாவதை முடிக்க வேண்டும். அதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் பதிவு. 2024 ஆகஸ்டிலிருந்து, பிரிட்டன் மருத்துவ மாணவர்கள் எழுதும் எம்எல்ஏ என்ற மருத்துவ உரிமத் தேர்வின் பாடப்பரப்பையே பிளாபும் பின்பற்றுகிறது.

இதில் இறங்குவதற்கு முன் வேலை நிலவரத்தைக் கண்ணைத் திறந்து பார்த்துவிடுங்கள். பத்து வருடங்களுக்கு முன் பிளாப் முடித்த சீனியர்கள் சொல்லும் கதை வேறு. இன்று நிலைமை வேறு. இப்போது ஒரு ஜூனியர் டாக்டர் இடத்துக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பங்கள் குவிகின்றன. ஸ்பெஷாலிட்டி பயிற்சி இடங்களில் பிரிட்டனில் படித்தவர்களுக்கு முன்னுரிமை தரப்போவதாக அந்நாட்டு அரசு 2025 ஜூலையில் வெளியிட்ட பத்தாண்டு சுகாதாரத் திட்டத்திலேயே சொல்லிவிட்டது. இரண்டாம் பகுதிக் கட்டணம் மட்டுமே ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் வரும். விமானம், விசா, தங்குமிடம், ஆங்கிலத் தேர்வு எல்லாம் தனி. தேறிய பிறகும் வேலை கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். நகையை அடகு வைத்து, அல்லது அப்பாவின் ஓய்வூதியப் பணத்தை நம்பிக் கிளம்புவதானால், அந்தக் காத்திருப்புக் காலத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். போகாதீர்கள் என்று சொல்லவில்லை. நான் போனேன், அது எனக்கு நல்லதாக அமைந்தது. ஆனால் இன்று கிளம்புகிறவருக்கு இதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை.

அடுத்தது பெயர். கேட்கச் சின்ன விஷயமாகத் தோன்றும். நம் ஊர்க்காரர்களை அதிகம் அலைய வைப்பது இதுதான். பட்டச் சான்றிதழில் பெயருக்குப் பக்கத்தில் ஓர் இனிஷியல் இருக்கும். பாஸ்போர்ட்டில் அதே எழுத்து அப்பாவின் முழுப்பெயராக விரிந்து குடும்பப்பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். கல்யாணமான பெண்கள் சிலருக்கு அங்கே கணவர் பெயர் வந்திருக்கும். ஜிஎம்சிக்காக உங்கள் பட்டத்தை எபிக் என்ற சேவை வழியாகக் கல்லூரியிடமே சரிபார்ப்பார்கள். அப்போது இரண்டு பெயரும் ஒருவரே என்று காட்ட வேண்டியிருக்கும். அதற்கான அஃபிடவிட், சான்றுகளை ஹவுஸ் சர்ஜன் காலத்திலேயே தயார் செய்து வையுங்கள். முடிந்தால் பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போதே பெயரை ஒழுங்குபடுத்திவிடுங்கள். தேர்வுத் தேதி நெருங்கும்போது பல்கலைக்கழகத்துக்கும் நோட்டரிக்கும் ஓடுவது படிப்பைக் கெடுத்துவிடும்.

ஆங்கிலத்துக்கு ஐஇஎல்டிஎஸ் அல்லது ஓஇடி. ஐஇஎல்டிஎஸ் என்றால் மொத்தம் 7.5, நான்கு திறன்களிலும் 7க்குக் குறையக் கூடாது. ஓஇடி என்றால் நான்கிலும் பி கிரேடு. நான் ஓஇடி எடுத்தேன். நோயாளியோடு பேசுவது, பரிந்துரைக் கடிதம் எழுதுவது என்று அதில் எல்லாமே நம் வேலை சம்பந்தப்பட்டவை. இரண்டாம் பகுதிக்கு அதுவே முதல் பயிற்சியாகவும் ஆகிவிடுகிறது.

முதல் பகுதிக்கு நான் படித்த முறை எளிமையானது. பிளாபபிள் வினா வங்கியை எடுத்து, தலைப்பு வாரியாக ஒரு சுற்று, கலந்து ஒரு சுற்று போட்டேன். அப்போது திருநெல்வேலிப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டர் வேலை. இரவுப் பணியில் கூட்டம் குறைந்த பிறகு நாற்பது ஐம்பது கேள்விகள் போட முடியும். நமக்கு மருத்துவம் தெரியும்; தெரியாதது அந்த ஊர் மருத்துவம். காய்ச்சல் என்றதும் நம் கை டெங்குவுக்கும் டைஃபாய்டுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் போகும். அங்கே கேள்வியில் வரும் குழந்தைக்கு மூளைக்காய்ச்சலா என்று பார்க்க வேண்டும். விஷம் என்றால் நம் வார்டில் பூச்சிமருந்தும் அட்ரோபினும். அங்கே பாராசிட்டமால், நான்கு மணி நேரம் கழித்து ரத்தத்தில் அதன் அளவு, முறிமருந்தாக அசிட்டைல்சிஸ்டீன். ரத்த அழுத்தம் கிளினிக்கில் 140/90 இருந்தால் நாம் மாத்திரை எழுதிவிடுவோம். அங்கே கையில் கருவியைக் கட்டி அனுப்பி, அன்றாட வாழ்க்கையில் அளவு எப்படி இருக்கிறது என்று உறுதிசெய்த பிறகுதான் பெரும்பாலும் மருந்து. சர்க்கரை இல்லாத, 55 வயதுக்குக் குறைந்த வெள்ளைக்காரருக்கு ஒரு வகை மருந்து, அதே வயது கறுப்பினத்தவருக்கு வேறு வகை. இவையெல்லாம் நைஸ் என்ற அந்நாட்டு அமைப்பின் சிகிச்சை வழிகாட்டிகளில் இருக்கின்றன. நாம் வார்டில் செய்து பழகிய வழக்கம் ஒரு விடையாகக் கண்ணில் படும். நைஸ் சொல்வது இன்னொரு விடையாக இருக்கும். அந்த இடங்களை மட்டும் ஒரு தனி நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். தேர்வுக்கு முந்தைய வாரம் அந்த நோட்டைத் தவிர வேறு எதையும் நான் புரட்டவில்லை. சென்னை மையத்தில் இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால், பதிவு திறக்கும் நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் பகுதியைப் பற்றி இவ்வளவு போதும்.

இரண்டாம் பகுதிக்கு வருகிறேன்.

ஒவ்வொரு காட்சியிலும் உங்களுக்கு மூன்று வகையில் மதிப்பெண் போடுகிறார்கள். விவரம் சேகரித்துப் பரிசோதிக்கும் திறன் ஒன்று, சிகிச்சையைத் தீர்மானிக்கும் திறன் ஒன்று, மனிதரோடு பழகும் திறன் ஒன்று. மூன்றுக்கும் ஒரே எடை. மொத்த மதிப்பெண்ணும் எட்ட வேண்டும், குறிப்பிட்ட எண்ணிக்கையிலான காட்சிகளிலும் தேற வேண்டும். நோயைச் சரியாகக் கண்டுபிடித்து, சரியான மருந்தைச் சொல்லியும் ஒரு காட்சியில் தோற்றுப்போகலாம் என்பதை நம் மனம் முதலில் ஏற்பதே இல்லை.

நாம் எங்கே பழகினோம் என்று நினைத்துப் பாருங்கள். அரசு மருத்துவமனை ஓபியில் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் வாசல் வரை வரிசை. "என்ன செய்யுது?", "எத்தனை நாளா?", "சளி இருக்கா?", "சுகர் இருக்கா?" எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றரை நிமிடம். அடுத்த ஆள். அந்த வேகம் இல்லாவிட்டால் கடைசியில் நிற்கும் பாட்டி பஸ்ஸைத் தவறவிட்டுவிடுவார். அந்த வேகத்தை நான் குறைவாக நினைக்கவில்லை. நூறு பேரில் உண்மையாகவே ஆபத்தில் இருக்கும் ஒருவரை முகத்தைப் பார்த்தே பிரித்தெடுக்கும் கண் அதில்தான் கிடைத்தது. மான்செஸ்டரிலும் அது எனக்கு உதவியது. ஆனால் அதே வேகம் ஒரு கேள்வியை நம் வாயிலிருந்து எடுத்துவிட்டது: வந்திருப்பவர் தனக்கு என்ன ஆகிவிட்டது என்று நினைக்கிறார், எதற்குப் பயப்படுகிறார், நம்மிடம் எதை எதிர்பார்த்து வந்தார் என்ற கேள்வி.

பிளாப் எழுதுபவர்கள் இந்த மூன்றையும் ஆங்கில முதலெழுத்துகளால் சேர்த்து 'ஐஸ்' என்று சுருக்கிச் சொல்வார்கள். பயிற்சி மையங்களில் இதை மனப்பாடமாகக் கற்றுத்தருகிறார்கள். நான்காவது நிமிடம் வந்தால் கேட்டுவிட வேண்டும், பட்டியலில் ஒரு டிக். நடிகர் என்ன பதில் சொன்னாலும் அடுத்த கேள்விக்குப் போய்விடுவது. இதைப் போலத் தேர்வில் கெடுதல் செய்வது வேறில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் பல வருடங்களாக இதைச் செய்கிற நடிகர். நீங்கள் உண்மையாகக் கேட்கிறீர்களா, கட்டத்தை நிரப்புகிறீர்களா என்பது அவருக்கு உடனே தெரிந்துவிடும். "கேட்கவே வருத்தமாக இருக்கிறது" என்ற ஆங்கில வாக்கியத்தை ஒருவர் கண்ணைத் தூக்கிப் பார்க்காமல் சொன்னால், அது ஒன்றும் சொல்லாமல் இருப்பதைவிட மோசம்.

சரி, உண்மையாகக் கேட்பதை எங்கே பழகுவது? நான் அதை நெல்லையில், என் சொந்த ஓபியில் பழகினேன். முதல் பகுதி முடிந்து மான்செஸ்டர் தேதிக்குக் காத்திருந்த நாட்களில், நாளொன்றுக்குச் சில நோயாளிகளிடமாவது அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்பது என்று வைத்துக்கொண்டேன். தனியார் மருத்துவமனை என்பதால் கொஞ்சம் நேரம் இருந்தது.

ஒரு பெரியவர். பல வருடங்களாகச் சர்க்கரை, மாத்திரையில் கட்டுப்படவில்லை. இன்சுலின் போட வேண்டும் என்று மூன்று டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர் வாங்கவே இல்லை. சீட்டில் 'ஒத்துழைக்கவில்லை' என்று யாரோ குறித்திருந்தார்கள். நான் மருந்து பற்றி எதுவும் பேசாமல், "அய்யா, ஊசின்னதும் உங்களுக்கு மனசுல என்ன தோணுது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "எங்க அண்ணனுக்கு ஊசி போட ஆரம்பிச்ச ஆறு மாசத்துல காலை எடுத்துட்டாங்க டாக்டரம்மா" என்றார்.

அவருக்கு ஊசி வலியில் பயமில்லை. அவர் கணக்கில் இன்சுலின் என்றால் கடைசிக் கட்டம், அதற்கு அடுத்தது கால். அண்ணனுக்குக் கால் போனது பல காலம் சர்க்கரை கட்டுப்படாமல் இருந்ததால், ஊசி வந்தது தாமதமாக, அதனால்தான் இரண்டும் அடுத்தடுத்து நடந்தது என்று விளக்கினேன். காலைக் காப்பாற்றத்தான் இந்த ஊசி என்று சொன்னேன். அவர் காலணியைக் கழற்றச் சொல்லி, உள்ளங்கால் உணர்ச்சி இருக்கிறதா என்று அப்போதே பார்த்துச் சொன்னேன். மகனை அழைத்துவந்து ஊசி போடக் கற்றுக்கொண்டு போனார். முன்பே பார்த்த மூன்று டாக்டர்களும் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். கேள்வி ஒன்றுதான் விடுபட்டிருந்தது. அன்றைக்கு எனக்கு இந்தத் தேர்வின் மேல் மரியாதை வந்தது. அதன் பிறகு நான் ஐஸ் என்பதைப் பட்டியலில் ஒரு டிக்காக நினைக்கவே இல்லை.

ஆகவே இந்தியாவில் இருந்துகொண்டு தயாராகிறவர்களுக்கு நான் சொல்வது: முதலில் தமிழில் பழகுங்கள். தாய்மொழியில் வராத ஆறுதல் ஆங்கிலத்தில் வராது. ஆங்கில வாக்கியங்களை அதற்குப் பிறகு அமைத்துக்கொள்ளலாம். அதற்கு நல்ல இடம் பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸின் இணையதளம். ஒவ்வொரு நோயையும் சாதாரண மக்களுக்குப் புரியும் ஆங்கிலத்தில் விளக்கியிருக்கிறார்கள். இரவு ஒரு நோயை எடுத்து, அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, மூடி வைத்து, ஒரு மருத்துவச் சொல்கூட வராமல் சத்தமாக விளக்கிப் பாருங்கள். ஆஞ்சைனாவையும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனையும் அந்தச் சொற்கள் இல்லாமல் விளக்குவது முதலில் திணறடிக்கும். சில வாரங்களில் வந்துவிடும். உச்சரிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். நம் சிக்கல் வேகம்தான். வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு மூச்சு நிறுத்தினால் நம் ஆங்கிலம் யாருக்கும் புரியும்.

மான்செஸ்டரில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். வகுப்புகளைவிட எனக்கு உதவியது தங்கியிருந்த வீடுதான். லாகோஸிலிருந்து ஒரு டாக்டர், லாகூரிலிருந்து ஒருவர், கோட்டயத்திலிருந்து ஒருவர், நான். சமையலறை மேசையில் போனில் 8 நிமிடம் வைத்து, ஒருவர் டாக்டர், ஒருவர் நோயாளி, ஒருவர் கண்காணிப்பவர். காலையிலிருந்து இரவு வரை. பார்ட்னர்களைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் ஊர்க்காரரை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள். தமிழ் டாக்டருக்குத் தமிழ் டாக்டரின் ஆங்கிலம் எப்படியும் புரிந்துவிடும். லாகோஸ் அக்காவுக்குப் புரிந்தால்தான் அது உண்மையில் தெளிவு. அவர் நடிக்கும்போது இரக்கமே காட்ட மாட்டார். காய்ச்சல் குழந்தையின் தாயாக உட்கார்ந்து, நான் எவ்வளவு விளக்கினாலும், "அப்படியானால் என் பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல் இல்லையென்று உறுதியாகச் சொல்லுங்கள்" என்பார். உறுதி கொடுக்கவும் முடியாது, பயமுறுத்தவும் கூடாது. இப்போதைக்கு அதற்கான அறிகுறி இல்லை, எதைப் பார்த்தால் உடனே திரும்ப வர வேண்டும் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்: பிள்ளை எழுப்பினாலும் சோர்ந்து கிடந்தால், பால் குடிக்காவிட்டால், கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாத தடிப்பு வந்தால். திரும்ப வருவதற்கான வழியை இப்படிக் கையில் கொடுத்து அனுப்புவதற்கு அங்கே மதிப்பு மிக அதிகம். "சரியாகலைன்னா வாங்க" என்ற நம் வழக்கமான வாக்கியம் போதாது. எது, எப்போது, எங்கே என்று மூன்றும் வர வேண்டும்.

அறிமுகப்படுத்திக்கொள்வதைப் பற்றி ஒன்று. நாம் நோயாளியை அய்யா, அம்மா, பாட்டி என்று உறவு வைத்துக் கூப்பிட்டுவிடுவோம். அது நம் ஊரில் அன்பு. ஆனால் நம் பெயரைச் சொல்ல மாட்டோம். அங்கே உங்கள் முழுப்பெயர், உங்கள் பொறுப்பு, பிறகு நோயாளியிடம் உங்களை எப்படி அழைக்கட்டும் என்ற கேள்வி, இந்த மூன்றோடுதான் தொடக்கம். கேட் கிரேன்ஜர் என்ற முதியோர் நல மருத்துவர் தானே புற்றுநோயாளியாகப் படுத்திருந்தபோது, பார்க்க வந்த பல ஊழியர்கள் தங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தார். 2013இல் 'ஹலோ மை நேம் இஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். 2016இல் இறந்துபோனார். இன்றும் என்எச்எஸ் ஊழியர்கள் பலர் அந்த வாசகம் போட்ட மஞ்சள் பேட்ஜ் அணிந்திருக்கிறார்கள். அந்தக் கதையை அறிந்த பிறகு, என் பெயரைச் சொல்லும் அந்த வாக்கியத்தை நான் அவசரமாக விழுங்கியதே இல்லை.

அடுத்து, நம் ஊர் நியாயமும் அந்த ஊர் நியாயமும் பிரியும் இடங்கள். தனியே உட்கார்ந்து யோசிக்க வேண்டியவை இவை.

நம் ஊரில் ஸ்கேன் ரிப்போர்ட்டை மகனிடம் கொடுப்போம். "அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க டாக்டர், மனசு உடைஞ்சிருவாரு" என்று மகன் கையைப் பிடித்துக்கொள்வார். நாமும் தலையசைப்போம். அங்கே அந்தத் தகவல் அப்பாவுக்குச் சொந்தம். அவர் அனுமதி இல்லாமல் மகனிடம் நோயின் பெயரைக்கூடச் சொல்ல முடியாது. அதற்காக மகனை விரட்டிவிடவும் கூடாது. அவர் பயத்தைக் கேட்டு, அப்பாவுக்கு எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று அவரிடமே கேட்கப்போவதாகச் சொல்லி, விரும்பினால் நீங்களும் கூட இருக்கலாம் என்று வழி காட்ட வேண்டும். நான் இதில் நிறைய யோசித்தேன். நம் குடும்பங்களின் பாசத்தைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் தனக்கு என்ன என்று தெரியாமலே, சுற்றியிருப்பவர்களின் முகங்களைப் படித்துக்கொண்டே இறந்துபோனவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். இந்த இடத்தில் அந்த ஊர் முறைதான் சரி என்று இப்போது நினைக்கிறேன்.

பதினைந்து வயதுப் பெண் கருத்தடை மாத்திரை கேட்டு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 2012 போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குக் கீழ் என்றால் தகவல் கொடுக்கும் கடமை நமக்கு இருக்கிறது. பிரிட்டனில், 1985இல் கில்லிக் வழக்கில் வந்த தீர்ப்புக்குப் பிறகு, அந்தப் பெண் விஷயத்தைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சியோடு இருந்தால் பெற்றோருக்குத் தெரியாமலே மாத்திரை தரலாம். ஆனால் துணைக்கு என்ன வயது, வற்புறுத்தல் இருக்கிறதா, பாதுகாப்பாக இருக்கிறாளா என்று கவனமாகக் கேட்டாக வேண்டும். ஆபத்து தெரிந்தாலோ, 13 வயதுக்குக் கீழ் என்றாலோ குழந்தைப் பாதுகாப்பு வழியில் போய்விட வேண்டும். முகத்தில் ஒரு சுளிப்பு வந்தால் போதும், அந்தப் பெண் வாயை மூடிக்கொள்வாள். பேசும் சொல்லைவிட முகத்தைப் பழக்க வேண்டிய காட்சி இது. கண்ணாடி முன்னாலோ வீடியோ எடுத்தோ பாருங்கள்.

கார் ஓட்டுவதும் அப்படித்தான். அங்கே, சிறு பக்கவாதம் வந்து சில நிமிடங்களில் சரியாகிவிட்டவர் ஒரு மாதம் வண்டி ஓட்டக் கூடாது. காரணம் தெரியாமல் முதல் முறை வலிப்பு வந்தவருக்குச் சோதனைகள் சரியாக இருந்தாலும் ஆறு மாதம், அதோடு டிவிஎல்ஏ என்ற உரிம அலுவலகத்துக்கு அவரே தெரிவிக்க வேண்டும். நம் ஓபியில் வண்டி ஓட்டுவீர்களா என்று வலிப்பு நோயாளியிடம் எத்தனை முறை கேட்டிருப்போம்? வந்தவர் டாக்சி ஓட்டுநர் என்றால் நீங்கள் சொல்வது அவர் குடும்பத்தின் வருமானத்தைப் பற்றியது. விதியைச் சொல்லிவிட்டு நகராமல், அந்த அடி அவர் மேல் இறங்க ஒரு நிமிடம் விட்டு, பிறகு என்ன செய்யலாம் என்று பேசுவதுதான் அந்தக் காட்சி.

இந்த நெறிமுறை விஷயங்களுக்கு ஜிஎம்சியின் சொந்த இணையதளத்தைப் படியுங்கள், இலவசம்தான். 'குட் மெடிக்கல் பிராக்டிஸ்' என்ற அடிப்படை வழிகாட்டியை 2024இல் புதுப்பித்திருக்கிறார்கள். நோயாளியைப் பரிசோதிக்கும் முறைகளுக்கு ஜீக்கி மெடிக்ஸ் வீடியோக்கள் போதும்.

தேர்வில் எனக்கு வந்த காட்சிகளை இங்கே எழுத மாட்டேன். வெளியே சொல்வதை ஜிஎம்சி தடைசெய்திருக்கிறது. மேலே சொன்னவை எல்லாம் சமையலறை மேசையில் பயிற்சி செய்தவை. 'போன வாரம் வந்த கேள்விகள்' என்று காசுக்கு விற்கிறவர்கள் உண்டு. வாங்காதீர்கள். பதிவு கிடைப்பதற்கு முன்பே நேர்மைக் கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள். அதோடு, காட்சி தெரியும் என்ற நினைப்போடு உள்ளே போகிறவர் எதிரே இருப்பவர் சொல்வதைக் கேட்கவே மாட்டார்.

தேர்வு நாளைப் பற்றிச் சுருக்கமாக. பாஸ்போர்ட் சரிபார்ப்பு, போனை வாங்கி வைத்துவிடுவார்கள். பிறகு வரிசையாக அறைகள். ஒவ்வொரு கதவுக்கும் வெளியே ஒரு தாள். படிக்க ஒன்றரை நிமிடம். உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், உங்களை என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பது அதில் இருக்கும். கடைசி வரியை இரண்டு முறை படியுங்கள். வரலாறு கேட்டு அடுத்த நடவடிக்கையைப் பேசச் சொன்னால் பேச்சுக்குக் குறைந்தது மூன்று நிமிடம் மிச்சம் வைக்க வேண்டும். அறைக்குள் நடிகர் அல்லது பொம்மை, மூலையில் பேசாமல் குறித்துக்கொள்ளும் தேர்வாளர். அவர் முகத்தைப் பார்க்காதீர்கள், அதில் ஒன்றும் தெரியாது. அவசர சிகிச்சைக் காட்சி என்றால் நம் கேஷுவால்டி அனுபவம் கைகொடுக்கும். மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம் என்று வரிசையாகப் போங்கள். செய்வதை வாய்விட்டுச் சொல்லுங்கள். சீனியரை அழைப்பதாகச் சொல்லத் தயங்காதீர்கள். அங்கே அது பலவீனம் இல்லை, பாதுகாப்பு.

ஓர் அறை சரியாகப் போகாவிட்டால் கதவை மூடும்போதே அதை விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு அறையிலும் தேர்வாளர் புதியவர், போன அறையில் நடந்தது அவருக்குத் தெரியாது. அந்த ஒன்றரை நிமிடத்தில் நான் செய்தது, கையைச் சுத்தம் செய்து, இரண்டு முறை நன்றாக மூச்சை விட்டு, தாளில் இருக்கும் நோயாளியின் பெயரையும் வயதையும் மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது. அப்படிச் சொன்னதும் அவர் ஒரு ஆளாக ஆகிவிடுவார், முந்தைய அறை மனதிலிருந்து நழுவிவிடும்.

முடிவு மின்னஞ்சலில் வரச் சில வாரங்கள் ஆகும். அந்த நாட்களைக் காத்திருப்பதிலேயே கழிக்காதீர்கள். உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழ் எடுக்கலாம், ஊரில் உங்கள் மருத்துவமனையில் ஒரு சிறிய ஆடிட், அதாவது சிகிச்சை முறைப்படி நடக்கிறதா என்று சரிபார்க்கும் ஆய்வு, செய்யலாம். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இரண்டையும் கேட்பார்கள். விண்ணப்பத்தை ஒரே வார்ப்பில் எல்லா இடத்துக்கும் அனுப்பாமல், அந்த விளம்பரத்தில் என்ன கேட்டிருக்கிறார்களோ அதற்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுங்கள். நேர்முகத்தில் பாதிக்கு மேல் இதே மாதிரிக் காட்சிகள்தான்: கோபமான உறவினர், தவறான மருந்து கொடுக்கப்பட்டுவிட்ட நோயாளி, மோசமாகிக்கொண்டிருக்கும் ஒருவரை இரவில் தனியாகப் பார்ப்பது. அதனால் பார்ட்னர்களை விட்டுவிடாதீர்கள். நாங்கள் நால்வரும் நான்கு ஊர்களுக்குப் பிரிந்த பிறகும் வீடியோ அழைப்பில் நேர்முகத்துக்காகப் பயிற்சி செய்துகொண்டே இருந்தோம், கடைசி ஆளுக்கு வேலை கிடைக்கும் வரை.